வீடு கட்டுதலும் பெர்மிட்டும்: வியாபாரிகள் அறிந்திருக்க வேண்டியவை

நம் வியாபாரிகளில் பெரும்பாலோர் தங்கள் வாழ்நாளில் இரண்டு பெரிய முதல்களைப் போடுகிறார்கள். ஒன்று கடை, மற்றொன்று வீடு. கடையைப் பொறுத்தவரை நம்மிடம் ஒழுங்கு உண்டு. சரக்கு வந்த பில், பாக்கிக் கணக்கு, கடை லைசென்ஸ், வாடகை ரசீது என எல்லாவற்றையும் கோப்பில் கட்டி வைக்கிறோம். அதிகாரி வந்து கேட்டால் எடுத்து நீட்டுகிறோம். வீட்டு விஷயத்திலோ, எண்பதாயிரம் வெள்ளி செலவழித்துப் பின்கட்டை நீட்டியவரிடம் அதற்கான அனுமதிக் கடிதம் எங்கே என்று கேட்டால், "கோன்ட்ராக்டர் பார்த்துக் கொண்டார்" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது. என்ன பார்த்தார், எந்தக் காகிதம் வாங்கினார் என்பது வீட்டுக்காரருக்குத் தெரிவதில்லை.

ஆகவே, தீபகற்ப மலேசியாவில் வீடு கட்டவோ, கூட்டவோ, மாற்றவோ வேண்டிய அனுமதிகள் யாவை, அவற்றைக் கேட்பதன் காரணம் என்ன, அவை இல்லாவிடில் யாருக்கு நஷ்டம் என்பவற்றை நாம் இங்கே ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லப் புகுகிறோம். சபா, சரவாக் மாநிலங்களுக்குத் தனிச் சட்டங்கள் உண்டு. அங்குள்ள சகோதரர்கள் அவற்றைத் தனியே விசாரித்துக் கொள்ள வேண்டும்.

மூன்று காகிதங்கள்

பெர்மிட் என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது மூன்று படிகளைக் கொண்டது.

முதலாவது, திட்ட அனுமதி. முகப்பில் இதனைக் கெபெனாரன் மெரான்சாங் என்பார்கள். 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டச் சட்டம் (சட்டம் 172) இதனைக் கேட்கிறது. இந்த நிலத்தில் இந்தக் கட்டடம் வரலாமா, இந்த உபயோகத்துக்கு விடலாமா என்பதே இதில் பார்க்கப்படும் கேள்வி. கோலாலம்பூரில் இதற்கு 1982-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உண்டு.

இரண்டாவது, கட்டடப் பிளானுக்கான அனுமதி. அதாவது பெலான் பங்குனான். இது 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் (சட்டம் 133) 70-ஆம் பிரிவின்படி வாங்க வேண்டியது. சுவர், தூண், ஜன்னல், கூரை, வடிகால் ஆகியவை முறைப்படி உள்ளனவா என்று இதில் பார்ப்பார்கள்.

மூன்றாவது, வேலை முடிந்தபின் பெறும் நிறைவுச் சான்று. இதனைச் சி.சி.சி. என்று அழைக்கிறோம். முன்னாளில் குடியேறுவதற்கான சான்றை நகராண்மைக் கழகமே கொடுத்து வந்தது. 2007 ஏப்ரல் 12 முதல் அம்முறை மாறி, பிளானைச் சமர்ப்பித்த நிபுணரே கையெழுத்திட்டுச் சான்று வழங்கும் முறை வந்தது. அந்த நிபுணர் பதிவு பெற்ற ஆர்க்கிடெக்டாகவோ, என்ஜினியராகவோ, கட்டடப் பிளான் வரைபவராகவோ இருத்தல் வேண்டும். அஸ்திவாரம் முதல் வடிகால் வரை ஒவ்வொரு கட்ட வேலைக்கும் அதைச் செய்தவரும் மேற்பார்த்தவரும் ஒப்பமிடும் ஜி1 முதல் ஜி21 வரையிலான படிவங்கள் உண்டு. அவையெல்லாம் சேர்ந்த பின்பே சி.சி.சி. பிறக்கும். யார் எதற்குப் பொறுப்பு என்பதைப் பின்னாளில் கண்டறிய இதுவே ஆதாரம்.

சிறிய வேலைகளுக்கு இத்தனையும் தேவைப்படுவதில்லை. அநேக நகராண்மைக் கழகங்கள் சிறு வேலைகளுக்கென்றே எளிய பெர்மிட் ஒன்றை வைத்திருக்கின்றன. எது சிறு வேலை என்ற வரையறை ஊருக்கு ஊர் மாறுபடும். ஆகையால் அடுத்த ஊர்க்காரர் சொன்னதை நம்பாமல் நம் ஊர் முகப்பில் கேட்பதே சரி.

எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம்?

"என் வீட்டுக்குள் நான் செய்வதற்கு யாரிடம் கேட்பது?" என்று சிலர் வாதிப்பதுண்டு. சட்டமும் எல்லாவற்றுக்கும் கேட்கச் சொல்லவில்லை. வர்ணம் பூசுவது, பழைய தரைக்கல்லை மாற்றுவது, உடைந்த ஓட்டை எடுத்துப் புதிது வைப்பது, அலமாரி அடிப்பது போன்றவை பராமரிப்பு வேலைகளே. சட்டம் 172-இல் இதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. அதன் சாரம் யாதெனில், செய்யும் வேலையால் கட்டடத்தின் உபயோகம் மாறக் கூடாது; வெளித்தோற்றம் பெரிதாக மாறக் கூடாது; உயரமோ தரைப் பரப்போ கூடக் கூடாது; வடிகாலும், கழிவு நீர் வசதியும், கட்டடத்தின் உறுதியும் பாதிக்கப்படக் கூடாது. இவற்றுள் ஒன்று தவறினாலும் அனுமதி கேட்டாக வேண்டும்.

சட்டம் 133 இன்னும் தெளிவாகப் பேசுகிறது. "கட்டடம் எழுப்புதல்" என்ற சொல்லுக்குள் அது எவற்றையெல்லாம் அடக்குகிறது என்று பாருங்கள். புதிய அஸ்திவாரம் போடுவது, பழைய அஸ்திவாரத்தின் மீதோ சுவரின் மீதோ கூடுதலாகக் கட்டுவது, குடியிருப்புக்காகக் கட்டப்படாத இடத்தைக் குடியிருப்பாக மாற்றுவது, ஒரு வீட்டைப் பல குடித்தனமாகப் பிரிப்பது, சுவர்களுக்கு நடுவே உள்ள திறந்த வெளிக்குக் கூரை போடுவது ஆகிய யாவும் அதில் அடங்கும். "நான் கட்டடமா கட்டினேன்? பின்புறம் தகரம்தானே போட்டேன்" என்று சொல்பவர் இதனைக் கவனிக்க வேண்டும். கடையின் மாடியைப் பலகையால் தடுத்து வேலையாட்களுக்கு அறைகளாக ஆக்க எண்ணுபவரும் கவனிக்க வேண்டும்.

பிளானில் எதைப் பார்க்கிறார்கள்?

இதுவே நம்மவர்கள் அதிகம் அறியாத பகுதி. அறிந்துவிட்டால் பெர்மிட்டின் மேலுள்ள வெறுப்புப் பாதி குறைந்துவிடும். 1984-ஆம் ஆண்டின் சீர்மைக் கட்டடத் துணைச் சட்டங்கள் என்ற விதிகளை மாநிலங்கள் தத்தம் கெஜட்டில் வெளியிட்டு நடைமுறைப்படுத்தி வருகின்றன. அவற்றிலிருந்து ஒரு வீட்டுக்காரர் தெரிந்திருக்க வேண்டிய சிலவற்றைத் தருகிறோம்.

வெளிச்சமும் காற்றும்: ஜன்னல்களின் மொத்தப் பரப்பு அறையின் தரைப் பரப்பில் நூற்றுக்கு 10 பங்குக்குக் குறையக் கூடாது. அதில் காற்று புகத் திறக்கும் பகுதி நூற்றுக்கு 5 பங்காவது இருக்க வேண்டும். 120 சதுர அடி அறைக்கு 12 சதுர அடி ஜன்னலும், அதில் 6 சதுர அடி திறப்பும் வேண்டும் என்று கணக்கிட்டுக் கொள்ளலாம்.

அறையின் அளவு: வீட்டின் முதல் வாழறை 11 சதுர மீட்டருக்கும், இரண்டாவது 9.3 சதுர மீட்டருக்கும், மற்றவை 6.5 சதுர மீட்டருக்கும் குறையக் கூடாது. சமையலறை 4.5 சதுர மீட்டராவது இருக்க வேண்டும். 6.5 சதுர மீட்டர் என்பது சுமார் 70 சதுர அடி. படுக்கையறையின் உயரம் இரண்டரை மீட்டர். அதாவது எட்டடிக்குச் சற்று மேல்.

பொதுச் சுவர்: வரிசை வீடுகளில் இரு வீட்டுக்கும் நடுவேயுள்ள சுவர் கெட்டியான செங்கல் கட்டாகவோ கான்கிரீட்டாகவோ 200 மில்லிமீட்டர், அதாவது எட்டு அங்குலம் கனம் இருக்க வேண்டும். அந்தச் சுவர் ஒருவருக்கு மட்டும் சொந்தமானதன்று. ஒரு வீட்டில் நெருப்புப் பிடித்தால் அடுத்த வீட்டுக்குத் தாவாமல் தடுத்து நிற்பது அதுதான். அதில் ஓட்டை போட்டு உத்திரத்தைச் செருகுவதும், குழாய்க்காக ஆழமாகக் கொத்துவதும், அதன்மேல் புதிய மாடியை ஏற்றுவதும் அண்டை வீட்டாரின் ஹக்கில் கை வைப்பதாகும்.

இந்த விதிகள் சும்மா பிறக்கவில்லை. நம் முன்னோர்கள் வந்திறங்கிய துறைமுகப் பட்டணங்களின் சரித்திரமே இவற்றுக்குப் பின்னால் இருக்கிறது. கடைவீடுகளின் முன்னே நாம் அஞ்சடி என்று சொல்லும் மூடிய நடைபாதை இருக்கிறதல்லவா? 1822-இல் சிங்கப்பூர் நகர அமைப்புக்கு ராபிள்ஸ் இட்ட கட்டளைகளிலேயே அது இடம் பெற்றது. வெயிலிலும் மழையிலும் நடந்து செல்பவர்களுக்காக ஒவ்வொரு வீட்டுக்காரரும் முன்புறத்தை விட்டுக் கட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. பிறகு 1907-இல் பேராசிரியர் சிம்ப்சன் என்பவர் சிங்கப்பூரின் சுகாதார நிலையை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். முதுகோடு முதுகு ஒட்டிய கடைவீடுகளில், ஜன்னலில்லாத தடுப்பறைகளில் கூலிகளும் வியாபாரிகளும் நெருங்கிக் கிடந்ததையும், காச நோய் பரவியதையும் அவ்வறிக்கை எடுத்துக் காட்டியது. வீடுகளின் பின்னால் சந்து விட வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். நாம் இன்று பின்சந்து என்று அழைத்துப் பழைய பெட்டிகளைப் போட்டு வைக்கும் இடத்துக்குப் பின்னால் இத்தகைய கதை இருக்கிறது.

வடக்கே ஒரு தாமானில் நாம் நேரில் பார்த்த ஒரு வீட்டை இங்குக் குறிப்பிடலாம். சமையலறையைப் பெரிதாக்க வேண்டும் என்று பின்முற்றம் முழுவதையும் பின்சுவர் வரை கூரையிட்டு அடைத்திருந்தார்கள். அடுப்பங்கரை விசாலமாகவும் அழகாகவும் இருந்தது. ஆனால் பின்னறையின் ஒரே ஜன்னல் அந்த அடுப்பங்கரைக்குள் திறந்தது. அந்த அறையில்தான் வீட்டுக்காரரின் வயதான உம்மா படுத்திருந்தார்கள். பட்டப் பகலில் விளக்குப் போட வேண்டிய நிலை. தாளிக்கும் புகை முழுவதும் அவர்கள் அறைக்குள். பிளான் போட்டு முகப்பில் கொடுத்திருந்தால் முதல் பார்வையிலேயே இதனைத் திருப்பியிருப்பார்கள். "முற்றத்தில் இவ்வளவு இடம் திறந்து விடு" என்று எழுதியிருப்பார்கள். வீட்டுக்காரரும் அன்றைக்கு அதிகாரியைத் திட்டியிருப்பார். ஆனால் உம்மாவின் அறைக்கு வெளிச்சம் இருந்திருக்கும்.

யாரிடம் போவது, எப்படிச் செய்வது?

முதலில் ஒரு பிளான் வரைபவரையோ ஆர்க்கிடெக்டையோ பிடிக்க வேண்டும். அவர் மலேசிய ஆர்க்கிடெக்டுகள் வாரியத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். என்ஜினியருக்கு என்ஜினியர்கள் வாரியம் தனியே உண்டு. பதிவில்லாதவர் எவ்வளவு அழகாக வரைந்தாலும் அந்தப் பிளான் முகப்பைத் தாண்டாது.

வீட்டின் கிராண்ட், வீட்டு வரி கட்டிய ரசீது, அடையாள அட்டை நகல், பழைய பிளான் இருந்தால் அது ஆகியவற்றை அவரிடம் கொடுக்க வேண்டும். விண்ணப்பம் நகராண்மைக் கழகத்தின் ஓ.எஸ்.சி. என்னும் ஒரே முகப்பு நிலையத்தின் வழியாகச் செல்லும். வடிகால், தீயணைப்பு முதலிய இலாகாக்களின் கருத்து வேண்டியிருந்தால் அவர்களே அங்கிருந்து அனுப்பிப் பெறுவார்கள். வரிசை வீடாயிருந்தால் அண்டை வீட்டாரின் ஒப்புதல் கடிதத்தைப் பல கழகங்கள் கேட்கின்றன. இதற்காகவேனும் பக்கத்து வீட்டாரைப் பார்த்து, பிளானைக் காட்டி, வேலை எத்தனை நாள் நடக்கும் என்று சொல்லிவிடுவது நல்லது. சாலைக்கும் வடிகாலுக்கும் சேதம் வரலாம் என்பதற்காக முன்பணமும் கேட்கலாம். வேலை முடிந்தபின் அதைத் திருப்பி வாங்க மறக்கக் கூடாது; ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

அனுமதி கிடைத்தும் வேலையைத் தள்ளிப் போடுபவர்கள் உண்டு. திட்ட அனுமதி கிடைத்த 12 மாதத்துக்குள் வேலையைத் தொடங்காவிட்டால், நீட்டிப்பு வாங்கியிருந்தாலன்றி அது காலாவதியாகிவிடும்.

கோன்ட்ராக்டர் விஷயத்தில் இரண்டைக் கேளுங்கள். சி.ஐ.டி.பி. என்னும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் அவர் பதிவு பெற்றவரா? மின்கம்பி வேலையைச் செய்பவர் எரிசக்தி ஆணையத்தின் பதிவு பெற்றவரா? அதன்பின் ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். பெர்மிட் எடுப்பது யார் பொறுப்பு, அதன் செலவு யாருடையது என்பதை அதில் எழுதுங்கள். பெர்மிட்டின் நகல் நம் கைக்கு வந்த பின்பே முதல் தவணையைக் கொடுப்பது என்று வைத்துக் கொண்டால் பாதித் தொல்லை தீரும். சரக்கு வராமல் நாம் பில்லுக்குப் பணம் கொடுப்பதுண்டா?

"கோப்பிக் காசு கொடுத்தால் முடிந்துவிடும்" என்று சொல்லும் கோன்ட்ராக்டரை விட்டு விலகுங்கள். 2009-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டப்படி வாங்குவது எப்படிக் குற்றமோ, கொடுப்பதும் அப்படியே குற்றம்.

புது வீடும் அடுக்கு மாடியும்

புதிதாக டெவலப்பரிடம் வீடு வாங்கியவருக்கு ஓர் எச்சரிக்கை. சாவி வாங்கிய நாளிலிருந்து 24 மாதத்துக்குள் காணும் குறைகளை டெவலப்பர் தம் செலவில் சரி செய்து தர வேண்டும் என்பது ஒப்பந்தம். அதற்குள் நாம் சுவரை உடைத்து மாற்றினால், பிறகு கூரை ஒழுகினாலும் சுவர் வெடித்தாலும் "உங்கள் வேலையால் வந்தது" என்று சொல்ல அவருக்கு வழி திறந்து விடுகிறோம். அவசரமில்லாத வேலையைச் சற்றுத் தாமதிப்பதே லாபம். முடியாவிட்டால், வேலை தொடங்குமுன் குறைகளைப் படம் பிடித்து, எழுதி, டெவலப்பரின் ஒப்பம் வாங்கி வையுங்கள்.

அடுக்கு மாடி வீடாயிருந்தால் நிர்வாகக் குழுவின் எழுத்து மூலமான சம்மதமும் வேண்டும். 2013-ஆம் ஆண்டு அடுக்கு மாடி நிர்வாகச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் இதனைக் கேட்கின்றன. நம் வீட்டுத் தரை கீழ் வீட்டாருக்குக் கூரை. குளியலறையை இடம் மாற்றினால் ஒழுகுவது அவர்கள் தலையில்தான்.

பழைய கடைவீடுகள்

நம் சமூகத்தார் தலைமுறைகளாகத் தொழில் செய்த இடங்கள் பல இன்று சாதாரணக் கட்டடங்களாக இல்லை. பினாங்கின் ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் 2008 ஜூலையில் உலகப் பாரம்பரிய நகரங்களாக யுனெஸ்கோவால் பதிவு செய்யப்பட்டன. ஜார்ஜ் டவுனில் மையப் பகுதியும் அதைச் சூழ்ந்த காப்புப் பகுதியும் உண்டு. அதற்கான தனிப் பகுதித் திட்டம் 2016-இல் கெஜட்டில் வெளியானது. எந்தக் கட்டடத்தை எவ்வளவு மாற்றலாம் என்பது அக்கட்டடம் எந்த வகையில் சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. முன்முகப்பு, மரக் கதவு, ஓட்டுக் கூரை, அஞ்சடி ஆகியவற்றைத் தொடுமுன் பினாங்குத் தீவு மாநகராட்சியில் கேட்டாக வேண்டும். கடைவீட்டின் நடுமுற்றத்தை மழைக்குப் பயந்து தகரத்தால் மூடுவது நம்மிடையே சகஜம். இரண்டு மாடி வரையுள்ள கட்டடத்துக்குக் காற்றுவழி முற்றம் 7 சதுர மீட்டராவது திறந்திருக்க வேண்டும் என்று பொது விதியே சொல்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

இங்கே இன்னொரு சங்கதி. நம் கடைகளில் அநேகம் வாடகைக்கு இருப்பவை. சில வக்பு சொத்துக்கள். விண்ணப்பத்தில் சொந்தக்காரரின் கையொப்பம் வேண்டும். பினாங்கில் வக்பு சொத்துக்களுக்கு மாநில இஸ்லாமிய சமய மன்றமே பொறுப்பாளி. வக்பு என்பது அமானிதம். முப்பது வருடம் வாடகை கொடுத்தோம் என்பதால் அதன் சுவரை உடைக்க நமக்கு உரிமை வந்துவிடாது.

அனுமதியில்லாமல் கட்டினால்?

சட்டத் தண்டனையை முதலில் சொல்லி விடுகிறோம். திட்ட அனுமதியின்றிச் செய்யும் வேலைக்குச் சட்டம் 172 விதிக்கும் உச்ச தண்டனை 5 லட்சம் வெள்ளி அபராதம், அல்லது 2 ஆண்டுச் சிறை, அல்லது இரண்டும். சிறு வீட்டு வேலைக்கு உச்சத் தண்டனை விதிப்பார்கள் என்று நாம் பயமுறுத்த விரும்பவில்லை. ஆனால் வேலையை நிறுத்தச் சொல்லும் நோட்டிசும், இடிக்கச் சொல்லும் உத்தரவும் சாதாரண வீடுகளுக்கும் வருகின்றன. பெரும்பாலும் அவை பக்கத்து வீட்டாரின் புகாரால் வருபவை.

தண்டனையைவிடப் பெரிய நஷ்டம் பின்னால் வருவது. வீட்டை விற்கப் போகும்போது வாங்குபவரின் வங்கி மதிப்பீட்டாளரை அனுப்பும். பிளானில் மூன்று அறை, நேரில் ஐந்து அறை என்றால், கூடுதலான இரண்டையும் அவர் கணக்கில் சேர்க்காமல் விடலாம். தீ விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்கும் கேள்விகளில் கட்டடத்தின் அனுமதியும் ஒன்றாகலாம். இவற்றுக்கும் மேலாக, கட்டியவர் மௌத்தான பின் வாரிசுகள் பாகம் பிரிக்கும் நாள் இருக்கிறது. கட்டியவருக்குத் தெரியும், எந்தச் சுவருக்குள் எந்தக் கம்பி போகிறது, எந்தத் தூணுக்கு அஸ்திவாரம் இல்லை என்று. பிள்ளைகளுக்கு அது தெரியாது. அவர்கள் கையில் பிளானும் சி.சி.சி.யும் இருந்தால் வீட்டை நல்ல விலைக்கு விற்றுப் பங்கிட்டுக் கொள்வார்கள். இல்லையென்றால் விற்பதற்கு முன் பிளான் போடவும், இடிக்கவும், யார் செலவு என்று சண்டையிடவும் வேண்டியிருக்கும். சேர்த்து வைத்த சொத்தே சகோதரர்களைப் பிரித்துவிடும்.

ஏற்கெனவே கட்டி விட்டவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. பதிவு பெற்ற ஒருவரை அழைத்து, உள்ளது உள்ளபடி அளந்து பிளான் போட்டு, நகராண்மைக் கழகத்தில் தாமாகச் சமர்ப்பிக்கலாம். விதிக்குப் பொருந்தும் பகுதிக்குக் கூடுதல் கட்டணத்துடன் அனுமதி கிடைக்கக் கூடும். பொருந்தாத பகுதியைத் திருத்தவோ எடுக்கவோ சொல்வார்கள். நோட்டிஸ் வந்தபின் ஓடுவதைவிட, விற்பனைப் பேச்சு முற்றியபின் விழிப்பதைவிட, நாமாக முன்சென்று முடிப்பது செலவும் குறைவு, மரியாதையும் உண்டு.

இக்கட்டுரையை வாசிக்கும் சகோதரர்கள் இன்றே ஒரு காரியம் செய்யலாம். வீட்டின் கிராண்ட், அனுமதி பெற்ற பிளான், சி.சி.சி. அல்லது பழைய குடியேற்றச் சான்று, பின்னாளில் செய்த வேலைகளின் பெர்மிட்டுகள் ஆகியவற்றைத் தேடி எடுத்து ஒரே கோப்பில் கட்டுங்கள். எது இல்லை என்று ஒரு தாளில் எழுதி மேலே வையுங்கள். இல்லாதவற்றைத் தேட ஒருநாள் கடையிலிருந்து இரண்டு மணி நேரம் ஒதுக்கி நகராண்மைக் கழக முகப்புக்குப் போய் வாருங்கள். கோப்பு இருக்குமிடத்தை வீட்டாரிடமும் மூத்த பிள்ளையிடமும் சொல்லி வையுங்கள். சகோதரர்கள் ஆவன செய்வார்களாக.